முழங்கால் தண்ணீரில் ஓர் எல்லை

சின்னத்தங்கத்துக்கு அன்று காலையில் எழும்பும்போதே இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. முழங்கால் இரண்டும் வீங்கி, மடக்கினால் நிமிரவில்லை, நிமிர்த்தினால் மடங்கவில்லை. முந்தின நாள் விடியற்காலையிலேயே, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்குள் இறங்கி, வெயில் உச்சிக்கு வரும்வரை குந்தியிருந்து இறால் தடவிய வினை. இறால் தடவுவதற்கு வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். நின்றால் தொடையளவு, குந்தினால் கழுத்தளவு தண்ணீரில் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதை வாயில் கடித்துப் பிடித்திருக்கும் பன்புல்லில் இழைத்த உமல் பைக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்த அவ்வளவுக்கு ஒரு முதுகும் இரண்டு முழங்காலும் போய்விடும்.

உடம்பு கேட்கிறது என்று படுத்துக் கிடக்க அன்றைக்கு முடியாது. பிரதேச சபையில் கூலி வேலை இருந்தது. சண்டை நின்று சமாதானம் என்று பேசத் தொடங்கிய காலம் அது. வாவிக்கரைப் பூங்காவைத் திரும்பவும் திருத்தப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. அதற்கு எல்லை போட முளை சுமக்க ஆட்கள் கேட்டார்கள். சின்னத்தங்கமும் அவளுடைய பக்கத்து வீட்டுக் கண்ணகையும் போனார்கள்.

பூங்கா என்றால் இப்போது சிரிப்பு வரும். காடு மண்டி, ஊஞ்சல் கம்பியில் துரு ஏறி, சனம் இருக்கப் போட்ட சீமெந்து வாங்குகளில் பாதி உடைந்து கிடந்தது. முந்தி அப்படி இல்லை. சண்டைக்கு முந்தின வருசங்களில் பின்னேரம் நாலு மணி ஆனால் அந்தக் கரையில் கால் வைக்க இடம் இராது. வாசிகசாலைக் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் வானொலி பாடும். முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாரில் பிள்ளை, கரியரில் மனைவி, ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை. அசனார் என்று ஒரு மனிதன் கச்சான் கடலை வறுத்துச் சுருளில் போட்டு விற்பான். பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடிபடும். கரையோரம் பெரிய வாகை மரம். அதன் நிழல் விழுகிற தண்ணீருக்கு வாகையடி என்று பெயர். அந்த வாகையடியில்தான் பெண்கள் இறால் தடவுவது. வேலை முடிந்தால் பூங்காக் குழாயில் சேறு கழுவி, வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பார்கள். உமலிலுள்ள இறாலைப் பூங்கா பார்க்க வந்த சனமே வாங்கிப் போய்விடும். சந்தைக்கு நடக்கத் தேவை இல்லை.

தொண்ணூறோடு அதெல்லாம் முடிந்தது. ஆமி வந்து மண் மூட்டை அடுக்கினான். பார்வைக்கு மறைக்கிறது என்று கரையிலிருந்த கண்ணா என்ற அலையாத்திக் காட்டையெல்லாம் வெட்டிச் சரித்தான். கரைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு திட்டு இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டான். பகலில் பெண்கள் வாகையடியில் தடவுவதையும் மறிக்கவில்லை. ஆள் போகாத அந்தத் திட்டில் கண்ணா அடர்ந்து வளர்ந்து, கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டி, பார்த்தால் பஞ்சு வெடித்த மரம் மாதிரி வெள்ளையாக நிற்கும். சமாதானம் வந்து, ஆமியின் காவலரணான சென்றி றோட்டுப் பக்கம் நகர்ந்தபிறகு சபை போட்ட திட்டம் இதுதான்: கரையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு, கரையோரம் நடக்கப் பாதை, திட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சத் தண்ணீரும் பறவைக்கும் மீன் குஞ்சுக்கும். அதற்குள் மனிதர் போகக்கூடாது.

எல்லையைக் காட்டிக் கொடுக்க வந்தவன் இராசதுரை, சபையின் தொழில்நுட்ப அலுவலர், ரீ.ஓ. முப்பது வயதுப் பொடியன். கட்டடம், றோட்டு, வடிகான் எல்லாம் அவன் பொறுப்பு. பூங்காவும் அவன் தலையில் விழுந்திருந்தது.

“திட்டச் சுத்தி, முழங்கால் தண்ணியில, வரிசையா அடியுங்கக்கா,” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சபையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. எங்கோ ஒரு மதகு இடிந்ததாம். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

கண்ணகை முளைக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள். “தண்ணிக்குள்ள முளையா? இந்தப் பொடியனுக்கு விசராகா?”

“அவன் கல்முனைப் பொடியன். கடலப் பாத்து வளந்தவன். நம்மட ஆத்தப் பத்தி அவனுக்கென்ன தெரியும்?”

“சீனித்தம்பிட வலை இதில மாட்டிக் கிழிஞ்சிதெண்டா, முளையப் புடுங்கி நம்மட மண்டையிலதான் அடிப்பான்.”

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. அந்தக் கரையில் வலை போகும் தண்ணீருக்குள் யாரும் முளை அடிக்க மாட்டார்கள். தண்ணீருக்குள் ஓர் இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால், அதற்கு நேரே கரையில் ஒரு கம்பை ஊன்றுவார்கள். மூழ்கிய தோணி எங்கே கிடக்கிறது, ஒருத்தி தடவுகிற இடம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கரைக் கம்பைப் பார்த்துத்தான். கம்பு கரையில் நிற்கும். அது சொல்கிற இடம் தண்ணீருக்குள் இருக்கும். பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

அதனால் இரண்டு பேரும் திட்டின் இந்த மூலைக்கு நேரே ஒன்று, அந்த மூலைக்கு நேரே ஒன்று, நடுவுக்கு இரண்டு மூன்று என்று முளைகளைக் கரையில் வரிசையாக இறுக்கி அடித்தார்கள். தண்ணீரில் இறங்காமல் வேலை முடிந்ததில் சின்னத்தங்கத்தின் முழங்காலுக்கும் சந்தோசம்.

“பொடியனுக்கு விளங்குமா?” என்றாள் கண்ணகை.

“விளங்காம? படிச்ச பொடியன்தானே.”

அந்தக் கிழமையே நில அளவைக்காரன் வந்து முளையிலிருந்து முளைக்குச் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு போனான். இராசதுரை மதகோடு கிடந்தான். அவன் பூங்காப் பக்கம் திரும்பவே இல்லை.

வாகையடியில் தடவல் எப்போதும் போல நடந்தது. பிறகு ஒரு நாள் சபைச் சுவரில் பூங்காத் திட்டத்தின் வரைபடத்தை ஒட்டினார்கள். மஞ்சள் விளையாட்டு, சிவப்புக் கோடு பாதை, பச்சை பாதுகாப்பு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கண்ணகையின் மகள் எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தாள். பச்சைக்குள் இறங்குவது, மீன் பிடிப்பது, இறால் பிடிப்பது எல்லாம் தடை. பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், கரையில் அவர்கள் அடித்த முளையிலிருந்து. திட்டும் பச்சை, திட்டுக்கும் கரைக்கும் இடையில் கிடந்த வாகையடித் தண்ணீர் முழுக்கப் பச்சை.

கண்ணகை தலையில் கை வைத்தாள். “அடியே தங்கம், நம்மள நாமளே வெளியால போட்டு அடைச்சிட்டமடி!”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சின்னத்தங்கம் மற்றத் தண்ணீர்களை நினைத்துப் பார்த்தாள். வடக்கே ஆழம். தெற்கே மண்டூர்ப் பக்கத்துப் பெண்கள், அவர்களுக்கே காணாது. பாலத்தடியில் சென்றி. வயல் வட்டையில் கதிர் பொறுக்கலாம். அது அறுவடைக்கு மட்டும். விறகுக்குக் காட்டுக்குப் போகலாம். அவளுடைய புருசன் அப்படிப் போனவன்தான், தொண்ணூறில், திரும்பி வரவில்லை. வாகையடி இல்லை என்றால் அவளுக்கு வேறு தண்ணீர் இல்லை. வேறு தொழிலும் இல்லை.

அடுத்த நாள் சபைக்குப் போய் இராசதுரையின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“தம்பி, அந்தப் பச்சையக் கொஞ்சம் அங்கால தள்ளேலாதா?”

“என்னக்கா, பாயா இழுத்துப் போட? முளை நீங்கதானே அடிச்சது?”

“நாங்க திட்டுக்கு நேரதான் அடிச்சம்.”

“நேர எண்டா?”

கரைக் கம்புக் கதையை அவள் சொல்லச் சொல்ல அவன் முதலில் சிரித்தான். பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, அளக்க வாறவன் முளையத்தான் அளப்பான். முளை எதப் பாத்துக்கொண்டு நிக்கிதெண்டு அளக்க மாட்டான்.”

“எங்கட பிழைதான், தம்பி.”

“என்ட பிழையும்தான். நான் திரும்பி வந்து ஒருக்கா பாத்திரிக்கோணும்.” அவன் பேனையைக் கடித்தான். “வாற கூட்டத்தில திட்டத்த ஏத்துக்கொண்டாங்களெண்டா மறுகா அஞ்சு வருசத்துக்கு ஆரும் தொடேலா. கூட்டத்தில நீங்க எழும்பிக் கதைக்கோணும். ஆனா ஒண்டு. இது ரெண்டு சனத்துக்கும் பொதுப் பூங்காவெண்டுதான் வெளிநாட்டுக்காரன் உதவி செய்யிறான். நீங்க மட்டும் வந்து எங்களுக்குத் தண்ணி வேணுமெண்டா, தமிழ் ஆக்களுக்கு ஆத்த எழுதிக் குடுத்துட்டாங்களெண்டு கதை வரும். முந்தி ஏறாவூர்ப் பொம்புளைகளும் அதில தடவினவங்களாமே? ஒராள் வந்து சொன்னாக் காணும்.”

“பாப்பம், தம்பி,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பார்க்க என்ன இருக்கிறது? ஏறாவூர் என்றால் அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான். நபீஸா.

முந்தி வாகையடியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நபீஸா விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். தண்ணீருக்குள் குந்தியிருந்து, வாயில் உமலைக் கடித்துக்கொண்டே கதைப்பாள். பாதி விளங்கும், பாதி விளங்காது. அவள் கொண்டுவரும் சம்பலுக்கும் சின்னத்தங்கத்தின் பழஞ்சோற்றுக்கும் வாங்கில் கலியாணம் நடக்கும். பூங்காவுக்கு வந்த துரைமார் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு போனால், நபீஸா வேண்டுமென்றே எழும்பி அவர்கள் பக்கத்தில் போய்ச் சீலையைப் பிழிவாள். சின்னத்தங்கம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அப்படிச் சிரித்த வயிறு பிறகு ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. தொண்ணூறில் இவளுடைய புருசன் விறகுக்குப் போனவன் வரவில்லை. இரண்டு சனத்துக்கும் இடையில் கொலை விழுந்த அதே வருசம், நபீஸாவின் தம்பி கடை பூட்டப் போனவன் வரவில்லை. நபீஸாவும் வரவில்லை.

ஏறாவூரில் விசாரித்து விசாரித்துக் கருவாட்டு மணம் பிடித்துப் போனபோது, நபீஸா முற்றத்தில் சாக்கு விரித்துக் காய்ந்த இறாலில் தலை முறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழும்பவில்லை.

“ஆரு?”

“நான்தான்.”

“ஊரில எல்லாருந்தான் நான்தான்.”

“தங்கம்.”

நபீஸாவின் கையில் இருந்த இறால் அப்படியே நின்றது. மேலும் கீழும் பார்த்தாள்.

“கிழவியாப் போயிட்டியேடி.”

“நீ மட்டும் குமரோ?”

நபீஸா ஒரு பலகைக்கட்டையைக் காலால் தள்ளிவிட்டாள். சின்னத்தங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தாள். தேத்தண்ணி வந்தது. குடித்தார்கள். அந்த வருசம் மழை பிந்தியதைப் பற்றிக் கதைத்தார்கள். அசனார் சவூதிக்குப் போய் வந்து இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கிறானாம். நபீஸா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“செல்லு. சும்மா வாற ஆளில்லயே நீ.”

சின்னத்தங்கம் சொன்னாள். முளைக்கதை வந்த இடத்தில் நபீஸா சாக்கில் கையை அடித்து அடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அல்லாவே! கதவப் பூட்டி, தெறப்ப உள்ளுக்க வெச்சிட்டு வந்தவள் மாதிரி நிக்கிறாய்!”

“சிரி, சிரி. நல்லாச் சிரி.”

சிரிப்பு அடங்கியதும் நபீஸாவின் முகம் வேறாகிவிட்டது. “றோட்டுத் தொறந்து எவ்வளவு காலமாப் போச்சி. பஸ்ஸும் ஓடுது. முளை பிழைச்ச புறகுதான் ஒனக்கு ஏறாவூருக்கு வழி தெரிஞ்சிதோ?”

சின்னத்தங்கம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வந்து என்னத்தக் கதைக்கிற? ஒன்ட தம்பியப் பத்தி என்னண்டு கேக்கிற?”

“ஒன்ட மனிசனப் பத்தி நான் என்னண்டு கேக்கிற?”

இரண்டு பேரும் கேட்கவில்லை. ஒரு காகம் சாக்கின் ஓரத்துக்கு வந்து இறாலில் வாய் வைக்கப் பார்த்தது. நபீஸா செருப்பைக் கழற்றி எறிந்தாள். குறி தப்பவில்லை.

“வாறன்,” என்றாள். “ஆனா நான் வந்தா உள்ளதத்தான் செல்லுவன். முளைய மாறி அடிச்சது நீதானெண்டும் செல்லுவன்.”

“செல்லு. அதுக்குத்தானே கூப்பிடுற.”

“இன்னொண்டும் கேளு. அதில எனக்கும் எடமிரிக்கி. ஒனக்குச் சாட்சி செல்லிப்போட்டுக் கைய வீசிக்கொண்டு பஸ் ஏற நான் வரல்ல. என்ட எடத்தில நானும் எறங்குவன்.”

“எறங்கு. ஆர் வேணாமெண்ட?” என்றாள் சின்னத்தங்கம். சொல்லும்போதே, அந்த இடத்தை இத்தனை வருசமும் தானும் கண்ணகையும் பிரித்துத் தடவியது நினைவுக்கு வந்தது. நபீஸா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இராது.

கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. சபைச் செயலாளர் நடுவில். முன் வரிசையில் கடைக்காரர், வாத்திமார். பின்னால் வலைக்காரர். பெண்கள் சுவரோரம். திட்டத்தை இராசதுரை வாசித்தான். கரையில் உணவுக்கடை போட நினைத்திருந்த ஒருவர் முதலில் எழும்பினார். பூங்கா என்றால் சனம் காற்று வாங்க வரும் இடம், அதற்கு முன்னால் பெண்கள் சேற்றைக் கலக்கிக்கொண்டு குந்தியிருந்தால் பார்க்க நல்லாவா இருக்கும், பச்சை இப்படியே இருக்கட்டும் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள். “தம்பி, ஒங்கட ஊட்டில ஞாயித்துக்கிழமை இறால் சமைக்கிறல்லயா?”

“அது… சமைக்கிறதான்.”

“அது சேத்துக்குள்ளாலதான் வாற. வானத்தால உழுறல்ல.” பின்னால் சிரிப்பு எழுந்தது. அவள் நிற்கவில்லை. “நான் ஏறாவூர். குமராயிருந்த காலத்திலயிருந்து வாகையடியில தடவின நான். என்ட உம்மாவும் தடவினவ. அந்தக் காலத்தில இந்தப் பூங்காவுக்கு வந்த சனம் எங்கள வேடிக்கை பாத்து, எங்களிட்டயே இறால் வாங்கிக்கொண்டு போனாங்க. நாங்க பூங்காக்குள்ள வந்த ஆக்களில்ல. நாங்க இரிந்த எடத்திலதான் நீங்க பூங்காவக் கட்டின.” பிறகு சுவரோரம் கையைக் காட்டினாள். “முளைய மாறி அடிச்சவள் இந்தா நிக்கிறாள். கேளுங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. சின்னத்தங்கம் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். இவ்வளவு ஆண்களுக்கு முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

“முளை அடிச்சது நான்தான்,” என்றாள். குரல் எங்கேயோ போனது. திரும்பச் சொன்னாள். “ரீ.ஓ. தம்பி தண்ணிக்குள்ள அடிக்கத்தான் சொன்ன. தண்ணிக்குள்ள அடிச்சா வலை கிழியுமெண்டு நாங்க கரையில அடிச்சம். திட்டச் சொல்லித்தான் அடிச்சம். வாகையடியச் சொல்லி அடிக்கல்ல. திட்டுக்குள்ள நாங்க ஒரு நாளும் போகமாட்டம். எங்களுக்கு அந்த இடையில கிடக்கிற தண்ணிதான். அதயும் எடுத்தா எங்களுக்கு வேற இல்ல.”

“ஆத்துக்குள்ள முளை அடிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்!” என்று பின்னாலிருந்து சீனித்தம்பியின் குரல். வலைக்காரருக்குள் மூத்தவன், வாய்க்காரன். “அண்டைக்கே புடுங்கி அடுப்புக்குள்ள வெச்சிருப்பன். பொம்புளைகள் செய்தது சரி. படம் கீறினதுதான் பிழை.”

“படமும் சரி, முளையும் சரி. நடுவில நாங்கதான் பிழை,” என்றான் இராசதுரை. அதற்கும் சிரித்தார்கள்.

செயலாளர் சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எல்லையைத் திட்டடிக்கே தள்ளுவோம். ஆனால் தண்ணீருக்குள் முளை கூடாது என்கிறீர்கள், கரையில் கம்பு வைத்தால் வெளியூரவனுக்கு விளங்காது. பிறகு எல்லை எங்கே என்று எப்படித் தெரியும்? எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மிதவை என்றார்கள்; களவு போகும் என்றார்கள். கயிறு என்றார்கள், தோணி சிக்கும் என்றார்கள். கடைசியில் இராசதுரைதான் சொன்னான்: “கண்ணா நடுவம். திட்டச் சுத்தி, முழங்கால் தண்ணியில, ஒரு வரிசை. கண்ணா நிக்கிற இடத்துக்குக் கிட்ட எந்த வலைக்காரனும் வலை போடமாட்டான். வளந்தா அதுவே வேலி. மீன் குஞ்சுக்கும் நல்லம்.”

சீனித்தம்பி கொஞ்சம் யோசித்தான். “கண்ணா எண்டா நான் புடுங்கமாட்டன்,” என்றான். அதோடு முடிந்தது.

சும்மா தரவில்லை. ஆற்றுவாயை அடைத்த மணலை வெட்டி, கடல் தண்ணீரோடு இறால் குஞ்சு உள்ளே ஏறுகிற காலத்தில் தடவக்கூடாது என்று எழுதினார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் காலத்துக்குத் தின்ன என்ன தருவீர்கள் என்று கண்ணகை கேட்டாள், செயலாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். முழுக்கப் போவதைவிடக் கொஞ்சம் போகட்டும். கண்ணா நடுவதும் பெண்கள் பொறுப்பு என்றார்கள். அதற்கும் ஓம் என்றார்கள்.

ஆற்றுவாய் வெட்டித் தண்ணீர் வடிந்த கையோடு நடுகை தொடங்கியது. திட்டைச் சுற்றிய வரிசையைப் பங்கு பங்காகப் பிரித்து ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பங்கு. நபீஸாவுக்கும் ஒன்று. சேற்றில் முழங்கால்வரை புதைந்து, கண்ணா விதையை ஈட்டி மாதிரிக் குத்திக்கொண்டே போக வேண்டும். இந்த மாதிரி வேலையில் அந்தப் பெண்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி அவள் பங்கையும் செய்வாள். வராதவள் அதற்குப் பதிலாக ஒரு நாள் வந்து இவளுடைய வேலையைச் செய்ய வேண்டும். காசு நீட்டினால் முகத்தில் எறிவார்கள். முதுகால் வாங்கியதை முதுகால்தான் தீர்ப்பது.

நடுகை நாளில் சின்னத்தங்கத்தின் மச்சாள் உன்னிச்சையில் செத்துப்போனாள். போகாமல் இருக்க முடியாது. செத்தவீடு முடிந்து திரும்பி வந்து, வெட்கத்தோடு கரைக்குப் போனாள். அவளுடைய பங்கில் கண்ணா வரிசையாக நின்றது.

“நட்டுட்டன்,” என்றாள் நபீஸா, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே. “என்ட பங்கயும் நட்டு, ஒன்டதயும் நட்டு, கடைசி பஸ்ஸும் போய், கண்ணகட ஊட்டில படுத்த. ராவு முழுக்க அவட கொறட்டை. அதுக்கும் சேத்து நீ எனக்கு நடோணும்.”

“நடுறன்கா. கண்ணா செத்துப்போற இடத்துக்கு மறுநடுகை இரிக்கிதானே. அடுத்த முறை ஒன்ட பங்கு என்ட வேலை.”

“ஏமாத்தினியெண்டா ஏறாவூரிலயிருந்து வந்து அடிப்பன்.”

“வா. சம்பலும் கொண்டு வா.”

பூங்காவையும் திறந்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்தது கொஞ்சக் காலம்தான். புது ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் பழைய மாதிரியே அடிபட்டன. வேலை முடிந்து சேறு கழுவி, சின்னத்தங்கமும் நபீஸாவும் வாங்கில் இருப்பார்கள். முன்னால் வாகையடி, அதற்கு அங்கால் விரல் உயரத்துக்கு இரண்டு இரண்டு இலையோடு கண்ணா வரிசை, அதற்கு அங்கால் திட்டில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு. பின்னேரம் ஆனால் அவை கூட்டமாக வந்து இறங்குகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கதைப்பதே கேட்காது. “என்னகா?” “ஒண்டுமில்லகா.” அவ்வளவுதான் கதை. அதுவே போதுமாயிருந்தது. அந்த இருப்புக்குள்ளேதான், ஒரு நாள், நபீஸா தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். சின்னத்தங்கமும் புருசனைப் பற்றிச் சொன்னாள். பிறகு எழும்பி, பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அடுத்த ஆற்றுவாய்க் காலம் வந்தபோது கடல் எழும்பி, சுனாமியாக வந்து கரையூர்களை அடித்துப் போனது. பூங்கா முழுக்க அகதிக் கூடாரம். ஊஞ்சல் கம்பியில் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது. மறுநடுகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை; திறக்கிற நேரமும் அல்ல. அதற்கு அடுத்த முறை தண்ணீர் வடிந்தபோது றோட்டில் குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. கடையடைப்பு, ஊரடங்கு, பஸ் இல்லை. நபீஸா வருவது குறைந்து, பிறகு இல்லாமல் போனது. ஒரு நாள் விடியப் பார்த்தால் பூங்காவுக்குள் திரும்பவும் ஆமியின் மண் மூட்டை. வாகையடியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். இந்த முறை எந்த வரைபடமும் சுவரில் ஒட்டவில்லை.

இப்போது சின்னத்தங்கம் ஒரு செங்கல் வாடியில் கல் அடுக்குகிறாள். போகிற வழியில் றோட்டிலிருந்து பார்த்தால் திட்டுத் தெரியும். கண்ணா ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய பங்கு, நபீஸா நட்டது, நெருக்கமாகப் பிடித்து நிற்கிறது. பக்கத்தில் நபீஸாவின் பங்கில் பாதி செத்து, நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. சைக்கிளில் போகிறவர்கள் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை, ஆமி நிற்கவும் விடமாட்டான். அவளும் நிற்பதில்லை. நடந்துகொண்டே பார்ப்பாள். எத்தனை கண்ணா வேண்டும், எந்த முனையில் தொடங்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஏறாவூருக்குப் போகவும் முடியவில்லை, திட்டுக்குப் போகவும் முடியவில்லை.

நபீஸாவுக்கு அவள் ஒரு நாள் நடுகை கடன். இன்னும் கொடுக்கவில்லை.